தொட்டிக்கு வராத டியூப்பு

கண்ணாடி கழுவறது என் வேலை. டீக்கடை கிளாசு இல்ல, கல்யாண மண்டபத்து டம்ளரு இல்ல. பொம்மசந்திராவுல ஒரு லேபு. படிச்சவங்க ஆசிட்ட ஊத்தி, வேகவெச்சு, ஆறவெச்சு, வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் என் தொட்டியில கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. டியூப்பு, குடுவை, பிப்பெட்டு எல்லாம் கழுவி, மூணு தண்ணி அலசி, சூட்டுப்பெட்டியில காயவெக்கணும். பதினோரு வருசம் ஆச்சு. பீனால்னு ஒண்ணு இருக்கு பாருங்க, ஒரு சொட்டு பட்டா தோலு வெள்ளையா செத்துப் போவும். அந்த நாத்தம் இருக்கே, கர்மம், வூட்டுக்கு வந்து மூணு தரம் சோப்பு போட்டாலும் சோத்தைப் பெசையறப்போ விரல்லருந்து வரும். எத்தினியோ நாளு தட்டை அப்படியே தள்ளி வெச்சிருக்கேன்.

எங்க லேபுக்கு வர்றது எல்லாம் பிசினும் தூளுந்தான். கொத்தவரங்கா விதையில அரைச்ச கோந்து, புளியங்கொட்டை மாவு, வேலம்பிசின். ஐஸ்கிரீமு கெட்டியா நிக்க, சாஸு ஒழுவாம இருக்க, மாத்திரை உதிராம இருக்க, எல்லாத்துக்கும் இந்தக் கோந்துதான். இது அசல்தானா, இல்ல எவனாச்சும் மாவைக் கலந்து தள்ளிட்டானான்னு பாத்து ரிப்போர்ட்டு குடுக்கணும். அதுதான் லேபு வேலை.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது தமயந்தி. அவ லேபுல டெஸ்ட்டு பண்றவ. ஊத்தங்கரை பக்கத்துப் பொண்ணு, எம்.எஸ்சி. படிச்சிருக்கா. ஈஜிபுராவுல ஒரே காம்பவுண்டுல கீழ் போர்ஷன் நானு, மேல் போர்ஷன் அவங்க. காலையில லேபு வேன்ல ஒண்ணாத்தான் ஏறுவோம். ஓசூர் ரோட்டுல வண்டி நவுராம நிக்கறப்போ பேசிக்கினே வருவா.

"அக்கா, இது எல்லாமே சர்க்கரைதான். இனிக்காத சர்க்கரை. ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நீளமா நிக்கும். வெறும் கண்ணால பாத்தா கோந்தும் வெள்ளைத் தூளு, மாவும் வெள்ளைத் தூளு."

"அப்பறம் எப்படி கண்டுபுடிப்ப?"

"ஆசிட்ல மூணு மணி நேரம் வேகவெச்சா பிடிச்ச கையை விட்டுடும். அதை மெஷின்ல ஏத்தினா ஒவ்வொரு சர்க்கரையும் தனித்தனியா ஓடி வந்து பேப்பர்ல ஒரு மலை மாதிரி எழும்பும். கொத்தவரங்கா கோந்துன்னா ரெண்டு மலை. மானோஸ் பெருசு, காலக்டோஸ் அதுல பாதி. மாவுன்னா ஒரே மலைதான், குளுக்கோஸ்."

"அந்த பீனால ஊத்தி ஆரஞ்சு கலர் வரவெப்பீங்களே, அது?"

"அது மொத்தம் எவ்ளோ சர்க்கரைன்னு மட்டும் சொல்லும் அக்கா. மாவுக்கும் அதே கலர், கோந்துக்கும் அதே கலர். அதை மட்டும் பாத்து பாஸ் போட்டா ஏமாந்துடுவோம்."

எனக்கு மலையும் தெரியாது, மெஷினும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். மூடி போட்ட தடி டியூப்பு இருக்கு, அதுலதான் ஆசிட்டு ஊத்தி வேகவெப்பாங்க. ஒரு சாம்பிளுக்கு ஆறு டியூப்பு. அது என் தொட்டிக்கு வந்தா டெஸ்ட்டு நடந்துச்சு. வரலைன்னா நடக்கல. ரிப்போர்ட்டு வாங்கறவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன கிழிச்சேன்னு கேளுங்க. ஒண்ணும் கிழிக்கல. டியூப்பு கம்மியா வந்தா எனக்கு குஷி. அவ்ளோதான்.

தமயந்தி புருசன் தினேஷு எலக்ட்ரானிக் சிட்டியில ஒரு ஆபீசுல போன் எடுக்கற வேலை. மாமியா செத்து நாலு வருசம். மாமனாரு கோவிந்தராஜன், முப்பது வருசம் பொம்மசந்திராவுலயே லேத்து ஓட்டின மனுசன். அவரு காம்பவுண்டுல நுழைஞ்சா குரலு மூணாவது சந்து வரைக்கும் கேக்கும். தண்ணி லாரிக்காரன்கிட்ட சண்டை போடணும்னா அவரத்தான் கூப்புடுவோம். அந்த மனுசனுக்கு ஜூலை மாசம் பக்கவாதம் வந்துச்சு. வலது கை போச்சு, பேச்சு போச்சு, முழுங்கற சக்தியும் போச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கு. அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பிட்டாங்க. இவருக்கு தண்ணி அப்படியே குடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும். தண்ணி, காப்பி, ரசம், எதுவா இருந்தாலும் ஒரு பவுடரைக் கலந்து தேனு மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும். டப்பா மேல பெருசா எழுதியிருக்கும், முழுக்க தாவரக் கோந்து, மாவு இல்லவே இல்லன்னு.

அவரு சாப்புடறதைப் பாத்திருக்கணும் நீங்க. ரசத்துல பவுடரைப் போட்டுக் கலக்கினா கரண்டியிலருந்து சளி மாதிரி தொங்கும். காப்பி வேற, ஆறிப் போயி, கொழகொழன்னு. ஒரு காலத்துல ஞாயித்துக்கிழமையானா தலைக்கறி வாங்கியாந்து தானே மசாலா அரைக்கிற மனுசன், இப்ப அந்தக் கொழகொழப்பை வாயில வெச்சுக்கினு கண்ணை மூடிக்கினு உக்காந்திருப்பாரு. தமயந்தி பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, ஒரு கரண்டி குடுத்து, அவரு தொண்டை ஏறி எறங்கறதைப் பாத்து, அப்பறந்தான் அடுத்த கரண்டி. ஒரு டம்ளரு காப்பிக்கு முக்கா மணி நேரம். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்பறம். பகல்ல ஒரு அம்மா வந்து பாத்துக்குவாங்க. பெத்த மவன் தினேஷு ஒரு நாளு குடுத்துப் பாத்தான். கையி நடுங்குது, நம்மளால ஆவாதுன்னு எழுந்துட்டான்.

ரெண்டு டப்பா தீர்ற வரைக்கும் பெரியவரு நல்லாத்தான் இருந்தாரு. மூணாவது டப்பா பிரிச்சதுலருந்து இருமலு. சாப்புட்டா இருமலு, காப்பி குடிச்சா இருமலு. மூஞ்சி செவந்து, கண்ணு பிதுங்கி இருமுவாரு, கீழ் போர்ஷன்ல இருக்கற எனக்குக் கேக்கும்.

"நீ வேகமா குடுக்கற" ன்னு தினேஷு கத்துவான்.

"இல்லங்க, பாத்துத்தான் குடுக்கறேன்."

"பாத்து குடுத்தா ஏன் இருமறாரு? லேபுக்கு லேட்டாவுதுன்னு தள்ளற. எனக்குத் தெரியாதா?"

அவ மாமனாரு வாயைத் தொடைச்சுட்டு அடுத்த கரண்டியை எடுப்பா. நான் மாடிப்படியில நின்னு பல்லைக் கடிச்சுக்குவேன். கரண்டியைத் தொடாதவன் கரண்டி புடிக்கிறவளுக்கு சொல்ல வந்துட்டான்.

அக்டோபர் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. ராத்திரியெல்லாம் மழை. எங்க சந்துல சாக்கடை ரொம்பி வாசப்படி வரைக்கும் கறுப்புத் தண்ணி. அதை தொடப்பத்தால தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நாத்தம் தாங்காம மேல தமயந்தி வூட்டுக்குப் போயி உக்காந்தேன். தினேஷு ஓசூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அவ மாமனாருக்கு காப்பி கலக்கிக்கினு இருந்தா.

"மாமா, ரெண்டே கரண்டி. அக்கா வந்திருக்காங்க பாருங்க."

பெரியவரு என்னைப் பாத்து இடது கையைத் தூக்கினாரு. முதல் கரண்டி வாயில வாங்கினாரு. முழுங்க முடியல. கன்னத்துல அடக்கிக்கினு ரொம்ப நேரம் இருந்தாரு. அப்பறம் தலையை ஆட்டினாரு. அவ கிண்ணத்தை நீட்டினா. துப்பிட்டாரு.

தமயந்தி கிண்ணத்தையே பாத்துக்கினு இருந்தா. சாச்சுப் பாத்தா. மறுபடி சாச்சுப் பாத்தா.

"சீ, எச்சியை இன்னாடி ஆராய்ச்சி? கொட்டிக் கழுவு."

"அக்கா, இங்க வந்து பாருங்க."

"வரல தாயே. எனக்கு ஏற்கெனவே கொமட்டுது."

"டம்ளர்ல இருக்கறது கெட்டியா இருக்கு. அவர் துப்பினது தண்ணியா இருக்கு."

"எச்சி கலந்தா தண்ணியாத்தான் ஆவும்."

"கோந்தை எச்சி ஒண்ணும் பண்ணாது அக்கா. மாவைத்தான் கரைக்கும். கெட்டியா குடுக்கறோம்னு நினைச்சு நான் குடுக்கறேன். அவர் வாய்க்குள்ள போயி தண்ணியாயிடுது. அந்தத் தண்ணிதான் உள்ள எறங்குது."

எழுந்து போனா. அலமாரியில பழைய டப்பா ஒண்ணு, அடியில கொஞ்சம் தூளு ஒட்டிக்கினு இருந்துச்சு. அதை ஒரு சாசர்ல சொரண்டி தண்ணி விட்டுக் கலக்கினா. புது டப்பா தூளை இன்னொரு சாசர்ல. பெரியவருக்கு முதுகுல புண்ணு, அதுக்கு பெட்டடைன் மருந்து வெச்சிருந்தாங்க. அந்த சீசாவை எடுத்து ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டா. பழசு மருந்து கலர்லயே மஞ்சளா இருந்துச்சு. புதுசு, நான் பாத்துக்கினே இருக்கேன், இங்க்கைக் கொட்டினாப்புல நீலக் கறுப்பா மாறிப் போச்சு.

"மாவு" ன்னா.

"அடப்பாவிங்களா! முழுங்க முடியாதவன் வாயில கூடவா மண்ணு போடுவானுங்க? எந்தக் கம்பெனிக்காரன்டி அவன்? ரிப்போர்ட்டு குடுத்த நாயி எவன்? கையில புடிச்சு..."

நான் திட்டிக்கினே இருக்கேன், அவ டப்பாவைத் திருப்பி அடியில இருக்கற பேட்ச் நம்பரைப் படிச்சா. அப்படியே சமையல்கட்டுத் தரையில உக்காந்துட்டா. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"நான்தான் அக்கா."

"இன்னா நான்தான்?"

"இந்த பேட்ச்சு நம்ம லேபுக்குத்தான் வந்துச்சு. ரிப்போர்ட்ல கையெழுத்து என்னுது."

நானும் அவ பக்கத்துல உக்காந்தேன்.

"மாமாவுக்கு வந்துச்சே ஜூலையில, அந்த வாரம். நான் அரை நாள் அரை நாளா ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கிட்டு இருந்தேன். சாம்பிள் வந்து கிடக்குது, வேகவெக்க நேரம் இல்ல. ராஜேஷ்குமார் சார் சொன்னாரு, போன பேட்ச் வேகவெச்ச தண்ணி ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு, அதையே மெஷின்ல ஏத்திட்டு நம்பரை மட்டும் மாத்துங்க, அதே கம்பெனிதானே, என்ன மாறிடப் போவுதுன்னு. ஏத்திட்டேன். ரெண்டு மலையும் அழகா வந்துச்சு. பாஸ் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

ராஜேஷ்குமாருன்னா லேபு மேனேஜரு. எப்பவும் சட்டை மடிப்பு கலையாது.

"அந்த வாரம் என்னோட டியூப் வந்துச்சா அக்கா உங்ககிட்ட?" ன்னு கேட்டா. தெரிஞ்சுக்கினே கேட்டா.

"வரல. வியாழக்கிழமை தொட்டி காலி. நான் மத்தியானமே உக்காந்து மல்லாட்டைக் கடலை உரிச்சு தின்னுக்கினு இருந்தேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் படிச்சவளா? தூ, உனக்கு வெக்கமா இல்ல? என்னைப் போயி இதுல இஸ்துக்கினு..."

கத்தினேன். கத்தறப்பவே எனக்கு என் மேலயே அருவருப்பா இருந்துச்சு. ஏன்னா அவ சொன்னது நெசம். அந்த ஒரு வாரம் இல்ல, எத்தினியோ வாரம். தொட்டி காலியா இருக்கறப்போ எவன் வாயில எது போவுதோன்னு ஒரு நாளாச்சும் நெனைச்சிருப்பேனா?

உள்ள பெரியவரு இருமினாரு. தமயந்தி எழுந்து ஓடினா.

அன்னிக்கு சாயங்காலமே அவருக்கு குளிர் ஜுரம். தினேஷு ஓசூர்லருந்து ஓடியாந்தான். ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். நுரையீரல்ல சாப்பாடு போயி சீழ் புடிச்சிருக்கு, நிமோனியான்னாங்க. பொது வார்டுல கட்டில் குடுத்து மூக்குல ஆக்சிஜன் வெச்சாங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுல கொழாய்த் தண்ணி மாதிரி ஒரு சத்தம். சளியை மெஷின் போட்டு உறிஞ்சுவாங்க, பச்சையா வரும். அதைப் பாத்துட்டு நான் வெளிய போயி வாந்தியே எடுத்துட்டேன்.

வராந்தாவுல தினேஷு அவளைப் புடிச்சுக்கினான்.

"சொன்னேனா இல்லியா? வேகமா குடுக்காத, வேகமா குடுக்காதன்னு. கொன்னுட்டியே எங்கப்பாவை."

"சாகல தினேஷு, வாயை அடக்கு" ன்னேன் நான்.

"நீங்க சும்மா இருங்க அக்கா. ஒரு மனுசனுக்கு பொறுமையா ஒரு டம்ளர் காப்பி குடுக்க முடியல இவளால. என்ன படிச்சா, என்ன வேலை பண்றா!"

அவன் அழுதுக்கினே கத்தறான். அப்பன் மேல பாசம் இல்லாதவன் இல்ல அவன். தமயந்தி சுவத்துல சாஞ்சுக்கினு தரையைப் பாத்துக்கினு நிக்கிறா. பவுடரு தப்புன்னு சொன்னா அவ மேல இருக்கற பழி வெலகிடும். ஆனா பவுடருன்னு சொன்னா யாரு பாஸ் போட்டதுன்னும் சொல்லணும். அதனால வாயைத் தொறக்கல. குடுத்த விதம் சரியில்லன்னே இருக்கட்டும்னு நின்னா. எனக்கு அவளை ரெண்டு அறை விடணும் போல இருந்துச்சு. கட்டிப் புடிச்சுக்கவும் தோணுச்சு.

செவ்வாக்கிழமை லேபுக்கு வந்தா. வேன்லருந்து எறங்கினதும் நேரா என் தொட்டிக்கு வந்தா.

"அக்கா, ஆறு டியூப் வேணும். நல்லா கழுவினதா. நானே பாத்து எடுத்துக்கறேன்."

"இன்னா பண்ணப் போற?"

"மீதி சாம்பிள் பாக்கெட் ரெண்டு வருசம் வெச்சிருக்கணும்னு ரூல். அந்த பேட்ச்சோட பாக்கெட் ஸ்டோர்ல இருக்கு. ஜூலையில பண்ணாத டெஸ்ட்டை இப்ப பண்ணப் போறேன்."

ஆறு டியூப்பையும் நான் மறுபடி கழுவினேன். வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தேன். என் ஆயுசுல டியூப்பை அப்படி கழுவினதில்ல. அவ பாக்கெட்டைப் பிரிச்சு, உப்புக் கல்லு அளவு தூளை தராசுல எடை போட்டா. தராசு கதவை மூடி, நம்பரு நிக்கற வரைக்கும் மூச்சுகூட விடல. ஆசிட்டை அளந்து ஊத்தினா. அந்த ஆசிட்டு வாடை காடியை விட மோசம், மூக்குக்குள்ள ஊசி ஏத்தற மாதிரி இருக்கும். மூடியை முறுக்கி, கரண்ட்டுல சூடாவுற குழிக் கட்டையில நட்டு வெச்சா. மூணு மணி நேரம். டீ குடிக்கக்கூட எழுந்து போவல. அப்பறம் ஆறவெச்சு, ஆசிட்டை முறிச்சு, வடிகட்டி, மெஷின்ல ஏத்தினா.

நாலு மணிக்கு என்னைக் கூப்புட்டு காட்டினா. படிக்காதவளுக்கே புரிஞ்சுச்சு. குளுக்கோஸு மட்டும் ஒத்தையா, நந்தி மலையாட்டம் நிக்குது. மானோஸும் காலக்டோஸும் கரையான் புத்து அளவு, ஓரத்துல. நூத்துக்கு எண்பத்தஞ்சு மாவு, மிச்சந்தான் கோந்துன்னா.

பேப்பரை எடுத்துக்கினு ராஜேஷ்குமாருகிட்ட போனா. நான் மாப்பை எடுத்துக்கினு வாசல்ல தொடைக்கிற மாதிரி நின்னேன்.

"சார், இந்த பேட்ச்சை மார்க்கெட்லருந்து திருப்பி எடுக்கச் சொல்லணும். நம்ம ரிப்போர்ட்டை கேன்சல் பண்ணணும்."

அவரு பேப்பரைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாக்கல.

"யாரு உங்களை இதைப் பண்ணச் சொன்னது?"

"எங்க மாமனார் இந்தப் பவுடரைத்தான் சார் சாப்பிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்காரு."

"ஐயம் சாரி. உண்மையாவே. வேணும்னா லீவ் எடுத்துக்கங்க. ஆனா எமோஷனலா யோசிக்காதீங்க தமயந்தி. ரிப்போர்ட்ல கையெழுத்து யாருது?"

"என்னுது. நீங்கதான் சார் பழைய தண்ணியை ஏத்தச் சொன்னீங்க."

"எங்கயாவது எழுதியிருக்கேனா?"

அவ பேப்பரை மறுபடி அவரு பக்கம் தள்ளினா.

"டெஸ்ட் நடந்திருக்கு. அதுக்கு ரெக்கார்டு இருக்கு" ன்னு சொல்லிக்கினே அலமாரியைத் தொறந்து ஒரு நோட்டை எடுத்தாரு. அது நான் கையெழுத்து போடற நோட்டு. இந்தத் தேதியில இத்தினி டியூப்பு கழுவினேன்னு அதுல எழுதி வெப்பாங்க. சனிக்கிழமை சூப்பர்வைசரு கொண்டாந்து நீட்டுவான், நான் வாரம் பூரா கோட்டுலயும் ஒரேயடியா வனஜா வனஜான்னு போட்டுட்டு வேனுக்கு ஓடுவேன். என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல.

"ஜூலை, வியாழக்கிழமை. வேகவெக்கற ஹைட்ராலிசிஸ் டியூப் ஆறு. கழுவியாச்சு. வனஜாம்மா, உள்ள வாங்க. இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான் சார்."

"அவ்ளோதான். டெஸ்ட் பண்ணாம டியூப் எப்படி அழுக்காகும்?" சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பாத்தா பீனால் தொட்டியில கைய விட்ட மாதிரி இருந்துச்சு. "வனஜாம்மா, இன்னிக்கு இவங்க போட்ட டியூபையெல்லாம் கழுவிடுங்க. அந்த பாக்கெட்டை குப்பையில போட்டுடுங்க. தமயந்தி, நீங்க வீட்டுக்குப் போங்க. மாமனாரைப் பாருங்க."

வெளிய வந்தோம். அந்த ஆறு டியூப்பும் தொட்டியோரத்துல ஸ்டாண்டுல நிக்குது. இத்தினி வருசத்துல ஒழுங்கா செஞ்ச டெஸ்ட்டுன்னு நான் கண்ணால பாத்தது அது ஒண்ணுதான், அதைத்தான் கழுவச் சொல்றான். பாக்கெட்டை எடுத்து என் டிபன் டப்பாக்குள்ள, மிச்சம் வெச்ச சோத்து மேலயே வெச்சு மூடினேன். டியூப்பைத் தொடல.

"கழுவலியா அக்கா?"

"அவனையே கழுவச் சொல்லு. ஒரு நாளு அவன் மூக்குலயும் ஏறட்டும். நட."

வேனுக்கு நிக்காம பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாயங்காலம் பாக்கற நேரம், வார்டு பூரா சோத்து வாடையும் மூத்திர வாடையும். பெரியவருக்கு ஜுரம் விட்டிருந்துச்சு. மூக்கு வழியா வயித்துக்கு கொழாய் போட்டுட்டாங்க, இனிமே ஆகாரம் அதுலதான். கண்ணைத் தொறந்து தமயந்தியைப் பாத்தாரு. தினேஷு கொஞ்சம் தணிஞ்சிருந்தான்.

"டாக்டர் பொழைச்சிக்குவாருன்னாங்க" ன்னான்.

தமயந்தி கட்டில் பக்கத்துல நின்னு, பெரியவருக்கும் கேக்கற மாதிரியே எல்லாத்தையும் சொன்னா. பவுடரு, மாவு, ஜூலை மாசம், பழைய தண்ணி, கையெழுத்து. ஒண்ணையும் மறைக்கல. நான் நெனைச்சேன், தினேஷு இப்ப கத்துவான், அடிச்சாலும் அடிப்பான், நடுவுல பூந்துடணும்னு தயாரா நின்னேன். அவன் கத்தல. அக்கம்பக்கம் பாத்தான். கொரலை எறக்கினான்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லப் போறேன். எழுதிக் குடுக்கப் போறேன். சாம்பிள் அக்காகிட்ட இருக்கு."

"பைத்தியமா உனக்கு? கேஸ் ஆகும். வேலை போயிடும். வேற எந்த லேபுலயும் சேக்க மாட்டாங்க."

"ரெண்டு நாளா நான் கொன்னுட்டேன்னு கத்தினீங்களே."

"அது வேற. வீட்டுக்குள்ள பேசறது. அப்பாதான் பொழைச்சிட்டாருல்ல? இனிமே அவருக்கு மூக்குலதான். அந்தப் பவுடர் நமக்குத் தேவையே இல்ல. நம்மளோட முடிஞ்சுது, விடு."

பெரியவரு அவனையே பாத்துக்கினு இருந்தாரு. அப்பறம் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கினாரு. தினேஷு அதைப் பாக்கல, கதவுப் பக்கம் நர்ஸு வராங்களான்னு பாத்துக்கினு இருந்தான். ராஜேஷ்குமாரு மேல வந்ததை விட எனக்கு இவன் மேலதான் அருவருப்பு ஜாஸ்தியா வந்துச்சு. அவன் வேத்தாளு. இவன் பெத்த புள்ளை.

பெரியவரு மூஞ்சியைத் திருப்பின பக்கம் அடுத்த கட்டில். அதுல ஒரு வயசானம்மா, வாயி கோணிக்கினு, முதுகுக்கு தலகாணி வெச்சு உக்காந்திருக்காங்க. அவங்க மவ, கன்னடத்துப் பொண்ணு, டம்ளர்ல எதையோ கலக்கி ஊட்டிக்கினு இருக்குது. ஸ்டூலு மேல அதே டப்பா.

தமயந்தியும் பாத்துட்டா. அவளுக்கு அந்த டப்பா அடியைத் திருப்பிப் பாக்கக்கூட பொறுமை இல்ல. ரெண்டே எட்டுல போயி அந்தப் பொண்ணு கையிலருந்து டம்ளரைப் புடுங்கினா. "தமயந்தி!" ன்னான் தினேஷு.

"நீவு யாரு?" ன்னு அந்தப் பொண்ணு எழுந்துச்சு. "ஏனு மாட்தித்தீரா?" யாரு நீங்க, என்ன பண்றீங்கன்னு.

தமயந்திக்கு கன்னடம் அவ்ளோவா வராது. தட்டுத் தடுமாறி சொன்னா. இதைக் குடுக்காதீங்க, இது கோந்து இல்ல, வெறும் மாவு, வாயில போனா தண்ணியாயிடும், இதை டெஸ்ட்டு பண்ணாமலே நல்லா இருக்குன்னு கையெழுத்து போட்டது நான்தான்னா. அந்தப் பொண்ணுக்கு வெளங்கல, இல்ல வெளங்கினதை நம்ப முடியல. என்னைப் பாத்துச்சு. நான் பக்கத்துல போயி நின்னேன். எனக்கு கன்னடம் தண்ணி பட்ட பாடு. அவ சொல்றது நெசந்தாம்மா, கழுவாத டியூப்பை கழுவினேன்னு கையெழுத்து போட்டு அந்தப் பொய்க்கு சாட்சி நின்னது நானுன்னு சொன்னேன்.

அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. டம்ளரைப் பாத்துச்சு. பாதிக்கு மேல காலி.

"ஆகலே அர்தா கொட்புட்னல்லா" ன்னுச்சு. அப்பவே பாதி குடுத்துட்டேனேன்னு.

திரும்பி அவங்கம்மா மொகத்தைப் பாத்துச்சு. அந்தம்மா வாயைத் தொறந்தாங்க. முதல்ல சத்தமே வரல. அப்பறம் இருமலு ஆரம்பிச்சுச்சு.